கோள்களுக்கு ரோபோ அனுப்பும் திட்டத்தை நடத்த ஆசையா? எந்த வாசல் வழியாகப் போவது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2006 ஜனவரியில் கிளம்பி 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவைக் கடந்தது. பயணம் மட்டுமே ஒன்பதரை ஆண்டு. காசினி 1997-இல் ஏவப்பட்டது, 2004-இல் சனியைச் சுற்றத் தொடங்கியது, 2017 செப்டம்பரில் சனிக்குள்ளேயே விழுந்து முடிந்தது. அதற்கு முன்னால் வரைந்து, கட்டி, சோதித்த ஆண்டுகள் தனிக்கணக்கு. யூரோப்பா கிளிப்பர் 2024 அக்டோபரில் புறப்பட்டது. அது வியாழனை எட்ட 2030 ஆகும். ஒரு பொறியாளர் 35 ஆண்டு வேலை பார்த்தாலும் அவர் கையில் முழுசாகத் தேறுவது நான்கைந்து திட்டங்கள்தான். வேறு துறையில் பொருந்தாத இடத்தில் போய் உட்கார்ந்தால் ஒரு வருடம் போகும். இங்கே ஆறு வருடம் போய்விடும்.

அதனால்தான் இந்தத் துறையில் ஏழெட்டு வருடம் ஆனவர்களுக்கு ஒரு தவிப்பு வருகிறது. என்றைக்காவது ஒரு திட்டத்தையே நடத்த வேண்டும் என்ற ஆசை இருக்கும். ஆனால் அந்த நாற்காலிக்கு நேர் ரோடு கிடையாது. விண்கலத்தின் துணை அமைப்பு ஒன்றில் ஆழமாகப் போகலாம், சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் பக்கம் தாவலாம், அல்லது பறந்துகொண்டிருக்கும் விண்கலத்தை இயக்கும் குழுவில் சேரலாம். மூன்றும் மேலே போகிற வழிகள்தாம், ஆனால் மூன்றும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய் விடுவதில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், அந்த நாற்காலியில் உட்காருபவர் நாள் முழுக்க என்ன செய்கிறார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. நாசாவில் ப்ராஜெக்ட் மேனேஜர், இஸ்ரோவில் திட்ட இயக்குநர். பெயர் எதுவானாலும் வேலை பெரும்பாலும் நான்கு விஷயங்களைச் சுற்றியே ஓடும்: பணம், நாள், எடை, அபாயம். அறிவியல் கேள்விக்குப் பொறுப்பு வேறொருவருடையது. விண்கலத்தை வரைவதும் வேறு ஆட்கள். மேலாளர் செய்வது, எல்லோரும் கேட்பதில் பாதிக்கு மேல் 'இல்லை' என்று சொல்வது. சில சமயம் தனக்கே அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும். கியூரியாசிட்டி 2009-இல் கிளம்ப வேண்டிய செவ்வாய் ஊர்தி. மூட்டுகளை அசைக்கும் மோட்டார்-கியர் அமைப்புகள் நேரத்துக்குத் தயாராகவில்லை. செவ்வாய்க்குப் போகும் வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். 2008 டிசம்பரில் 'இந்த முறை வேண்டாம்' என்று முடிவெடுத்தார்கள். அதனால் செலவு சுமார் 40 கோடி டாலர் ஏறியது. செவ்வாய்க்குப் போன இன்சைட் தரையிறங்கியிலும் இதே கதை. நிலநடுக்கமானியின் வெற்றிடக் கூட்டில் கசிவு, 2016 மார்ச்சில் கிளம்ப வேண்டியது 2018 மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. இந்த மாதிரி நாளில் அந்த அறையில் உட்கார்ந்திருக்க உங்களுக்கு மனசு வருமா என்று முதலில் யோசியுங்கள். வராது என்றால் மேலே சொன்ன மூன்றில் முதல் வழியே போதும், சந்தோஷமாக இருக்கலாம்.

அந்த முதல் வழியைப் பார்ப்போம். உந்துவிசை, வெப்பக் கட்டுப்பாடு, தொலைத்தொடர்பு, வழிநடத்தல், பாராசூட் என்று ஏதோ ஒன்றில் நீங்கள்தான் கடைசி வார்த்தை என்ற நிலைக்கு வருவது. இதில் கிடைக்கும் மரியாதை அசலானது. கூட்டத்தில் நீங்கள் வாய் திறந்தால் மற்றவர்கள் பேனாவை எடுப்பார்கள். ஆனால் நம் ஊரில் நன்றாகச் சமைக்கத் தெரிந்தவரை யாரும் பந்தியில் உட்கார விடமாட்டார்கள் அல்லவா, அதே சங்கடம் இங்கேயும் உண்டு. அடுத்த திட்டத்திலும் பாராசூட், அதற்கடுத்ததிலும் பாராசூட். உங்களை விட்டால் அந்த வேலைக்கு ஆள் இல்லை என்பதே உங்களுக்குப் போடும் பூட்டு.

இந்த வழியின் உச்சம் பெரும்பாலும் தலைமைப் பொறியாளர் பதவி. ஆடம் ஸ்டெல்ட்ஸ்னர் கியூரியாசிட்டியைத் தரையிறக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார், பிறகு இன்னொரு செவ்வாய் ஊர்தியான பெர்சிவியரன்ஸின் தலைமைப் பொறியாளரானார். அதை யாரும் குறைவான இடம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் பட்ஜெட்டில் கையெழுத்துப் போடும் இடம் அது அல்ல. ஆழமான தொழில்நுட்ப அறிவோடு நேராக மேலாளர் நாற்காலிக்குப் போவதற்கும் ஒரு குறுக்கு வழி இருக்கிறது: திட்டம் சின்னதாக இருக்க வேண்டும். வழிநடத்தல், தானியங்கி அமைப்புகள் என்று பல ஆண்டு வேலை பார்த்த மிமி ஆங், செவ்வாயில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டருக்குத் திட்ட மேலாளரானார். மொத்த எடையே 1.8 கிலோ. ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பினார்கள், 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது. பல டன் விண்கலத்தை முதல்முறை மேலாளரிடம் யாரும் கொடுக்கமாட்டார்கள். இரண்டு கிலோவைக் கொடுத்துப் பார்ப்பார்கள்.

இரண்டாவது வழி சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங். இதை வெளியாட்களுக்கு விளக்குவது கஷ்டம், வீட்டில் உள்ளவர்களுக்கு விளக்குவது அதைவிடக் கஷ்டம். 'நீ எந்தப் பாகம் செய்தாய்?' என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றுமே இருக்காது. நீங்கள் பார்த்துக்கொள்வது பாகங்களை இல்லை, பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களை.

அந்த இடங்கள் எவ்வளவு ஆபத்தானவை என்பதற்கு 1999 ஒன்று போதும். செப்டம்பர் 23 அன்று மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயின் பின்னால் போனது, திரும்பி வரவில்லை. தரையில் இருந்த ஒரு மென்பொருள் உந்தத்தைப் பவுண்டு-வினாடிக் கணக்கில் எழுதிக் கொடுத்தது, வாங்கிக்கொண்ட குழு அதை நியூட்டன்-வினாடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு. 226 கிலோமீட்டர் உயரத்தில் கடக்க வேண்டிய கலம் சுமார் 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. அதே டிசம்பரில் மார்ஸ் போலார் லேண்டர். இறங்கும்போது கால்கள் விரிந்த அதிர்வையே 'தரை தொட்டாயிற்று' என்று மென்பொருள் நம்பி, பல பத்து மீட்டர் உயரத்திலேயே எஞ்சினை அணைத்திருக்க வேண்டும் என்பதுதான் விசாரணையில் தேறிய காரணம். கால் சரியாகத்தான் விரிந்தது, உணரி சரியாகத்தான் சொன்னது, மென்பொருள் எழுதியபடியேதான் ஓடியது. தனித்தனியாக எல்லோரும் பாஸ், மொத்தத்தில் ஃபெயில்.

இப்படிப்பட்ட இடுக்குகளைத் தேடி அலைவதுதான் சிஸ்டம்ஸ் பொறியாளரின் பிழைப்பு. எடை எவ்வளவு மிச்சம், மின்சாரம் எவ்வளவு மிச்சம், ஒரு நாளில் பூமிக்கு எவ்வளவு தரவு அனுப்ப முடியும், அந்தக் குழுவின் ஆவணத்தில் இருக்கும் எண்ணும் இந்தக் குழுவின் ஆவணத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா. கூட்டம், ஆவணம், மறுபடி கூட்டம். இரண்டு வருடம் இதையே செய்து 'நான் இன்னும் பொறியாளர்தானா, குமாஸ்தா ஆகிவிட்டேனா' என்று புலம்புகிறவர்கள் உண்டு. அந்தப் புலம்பலில் நியாயமும் உண்டு. மோசமாக நடத்தப்படும் திட்டத்தில் இந்த வேலை உண்மையிலேயே குமாஸ்தா வேலைதான். ஆனால் மேலாளர் எதை வைத்து முடிவெடுக்கிறாரோ அதே தகவல் உங்கள் மேசை வழியாகத்தான் அவருக்குப் போகிறது. அவருடைய முடிவை நீங்கள் மனசுக்குள் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு, அவர் என்ன எடுத்தார் என்று ஒப்பிடலாம். சம்பளம் வாங்கிக்கொண்டே கிடைக்கும் பயிற்சி இது. மேலாளர் நாற்காலிக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் வாசல் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாவது, கலத்தை இயக்குவது. கதை கேட்பதற்கு இந்த வழிதான் சுவாரசியம். 2004 ஜனவரி 21, செவ்வாயில் இறங்கி மூன்று வாரம்கூட ஆகாத ஸ்பிரிட் ஊர்தி திடீரென்று உருப்படியாகப் பேசுவதை நிறுத்திவிட்டது. ஃபிளாஷ் நினைவகத்தில் கோப்புகள் குவிந்து, கணினி திரும்பத் திரும்ப ரீபூட் ஆகிக்கொண்டிருந்தது. இரவில் தூங்காமல் பேட்டரியைத் தின்றுகொண்டிருந்தது. ஃபிளாஷைத் தொடாமல் எழுந்திரு என்று கட்டளை அனுப்பித்தான் அதைப் பிடித்து நிறுத்தினார்கள். நியூ ஹொரைசன்ஸுக்கு 2015 ஜூலை 4 அன்று, புளூட்டோவைச் சந்திக்கப் பத்தே நாள் இருக்கும்போது, ஒரே நேரத்தில் இரண்டு கனமான வேலை கொடுத்ததில் கணினி திணறி, வழக்கமான வேலைகளை நிறுத்திவிட்டுக் கட்டளைக்குக் காத்திருக்கும் சேஃப் மோடுக்குப் போய்விட்டது. ஒரு கட்டளை போய்ப் பதில் வர ஒன்பது மணி நேரம். ஆலிஸ் போமன் தலைமையிலான இயக்கக் குழு அலுவலகத்திலேயே தூங்கி எழுந்து ஜூலை 7-க்குள் கலத்தை வழிக்குக் கொண்டுவந்தது.

எனக்கு இவை எல்லாவற்றையும் விடப் பிடித்தது ஹைகன்ஸ் கதை. சனியின் நிலவான டைட்டனில் இறங்கப்போகும் அந்தக் கலத்தின் சிக்னலை வாங்க காசினியில் ஒரு ரிசீவர் வைத்திருந்தார்கள். இரண்டு கலங்களும் வேகமாக நெருங்கும்போது அலைவரிசை மட்டுமல்ல, தரவு வரும் வேகமும் மாறும். அதை அந்த ரிசீவர் தாங்காது என்பது ஏவிய பிறகு, 2000-இல்தான் தெரிந்தது. அதுவும் போரிஸ் ஸ்மெட்ஸ் என்ற ஐரோப்பிய விண்வெளி நிறுவனப் பொறியாளர் 'நிஜ நிலைமையைப் போலவே ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம்' என்று விடாமல் கேட்டதால். ரிசீவரைக் கழற்றி மாட்ட முடியாது. காசினியின் பாதையையே மாற்றி வரைந்தார்கள். 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் டைட்டனில் இறங்கியது. மாற்ற முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் மாற்றும் இந்தப் புத்தி இயக்கக் குழுவில்தான் விளைகிறது.

விலையையும் சொல்லிவிடுகிறேன். செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 வினாடி. ஊர்தி இறங்கிய முதல் சில மாதங்கள் குழு செவ்வாய் நேரப்படி வாழும், ஷிப்ட் தினமும் 40 நிமிடம் தள்ளிப்போகும். மூன்று வாரத்தில் பகல் இரவாகிவிடும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இதைச் சேரும் முன்பே பேசிவிடுங்கள். இரண்டாவது விலை கண்ணுக்குத் தெரியாதது. இயக்கக் குழுவில் வளர்ந்தவர் மேலாளராகும்போது பெரும்பாலும் கிடைப்பது ஏற்கெனவே பறக்கும் திட்டம், அதுவும் பணம் வருடாவருடம் குறைந்துகொண்டே வரும் கட்டத்தில். சுசான் டாட் 1984-இல் வாயேஜர் கலத்துக்குக் கட்டளைத் தொகுப்பு எழுதும் வேலையில் தொடங்கினார், பிறகு வேறு திட்டங்களுக்குப் போய், 2010-இல் அதே வாயேஜருக்குத் திட்ட மேலாளராகத் திரும்பி வந்தார். அருமையான வாழ்க்கை. ஆனால் வெறும் தாளில் இருந்து ஒரு கலத்தைக் கட்டி எழுப்பும் திட்டத்துக்கு ஆள் தேடும்போது, ஒப்பந்தக்காரரோடு மல்லுக்கட்டியிருக்கிறாரா, தள்ளிப்போன தேதியைச் சமாளித்திருக்கிறாரா என்றுதான் பார்ப்பார்கள். இயக்கம் மட்டுமே தெரிந்தவர் அங்கே பின்வரிசைக்குப் போய்விடுகிறார். இது நியாயமில்லை என்பது என் கருத்து, ஆனால் நடப்பது அதுதான்.

வழியை முடிவு செய்துவிட்டால் மட்டும் போதாது, எந்த மாதிரி நிறுவனத்தில் என்பதும் இருக்கிறது. இங்கே ஒரு எரிச்சலான விஷயத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள்: குடியுரிமை. நாசாவின் அரசுப் பணிக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். அமெரிக்கத் தனியார் விண்வெளி நிறுவனங்களையும் ஆயுத ஏற்றுமதிச் சட்டம் கட்டிப்போடுகிறது, குடிமக்களையும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களையும் தாண்டி எடுப்பது அரிது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் உறுப்பு நாட்டவர்களைத்தான் பெரும்பாலும் எடுக்கும், இஸ்ரோ இந்தியர்களை. பலருடைய ஒப்பீடு இந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடும்.

பெரிய அரசு நிறுவனத்தில் நிலைத்தன்மை உண்டு என்று ஒரு நம்பிக்கை. ஓரளவுக்குத்தான். நாசாவின் கோள் ஆய்வுக் கலங்களைக் கட்டும் ஆய்வகமான ஜேபிஎல் 2024 பிப்ரவரியில் சுமார் 530 பேரை அனுப்பியது, அது பணியாளர்களில் 8 சதவீதம். அதே நவம்பரில் இன்னும் சுமார் 325 பேர். செவ்வாய் மண்ணைக் கொண்டுவரும் ஒரு பெரிய திட்டத்தின் பணம் ஆட்டம் கண்டதே போதுமானதாக இருந்தது. சைக்கி விண்கலம் மென்பொருள் சோதனை முடியாமல் 2022-இல் கிளம்பத் தவறியபோது, விசாரணைக் குழு கண்டுபிடித்த காரணங்களில் ஒன்று ஆள் பற்றாக்குறை. அந்தத் தாமதத்துக்கு வெள்ளிக்குப் போகவிருந்த வெரிடாஸ் திட்டமும் விலை கொடுத்துத் தள்ளிப்போனது. பக்கத்து வீட்டுத் திட்டம் சறுக்கினால் உங்கள் திட்டமும் தள்ளிப்போகலாம்.

இஸ்ரோ மாதிரி இடத்தில் வேறொரு லாபம் இருக்கிறது: தோற்ற குழுவில் இருந்தவர்களே மறுபடி செய்து பார்க்கும் வாய்ப்பு. சந்திரயான்-2-இல் எம். வனிதா திட்ட இயக்குநர், ரிது கரிதால் மிஷன் இயக்குநர். 2019 செப்டம்பரில் விக்ரம் நிலவில் மோதியது. நான்கு ஆண்டுக்குள், 2023 ஆகஸ்ட் 23 அன்று, பி. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராகவும் கே. கல்பனா துணைத் திட்ட இயக்குநராகவும் இருந்த சந்திரயான்-3 இறங்கிவிட்டது. இடையில் என்ன மாற்றினார்கள் என்று பார்த்தால் ஒரு மேலாளரின் மனசு தெரியும். 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்றிருந்த இறங்கும் பரப்பை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் ஆக்கினார்கள், கால்களை வலுப்படுத்தினார்கள், நடு எஞ்சினை எடுத்துவிட்டார்கள். பெரும்பாலும் தப்புக்கு இடம்விட்ட மாற்றங்கள்.

நிலவுக்குத் தரையிறங்கி அனுப்பும் தனியார் நிறுவனங்களில் எல்லாமே வேகம். தோல்வியும் வேகமாக வரும். ஜப்பானின் ஐஸ்பேஸ் அனுப்பிய கலம் 2023 ஏப்ரலில் ஒரு பள்ளத்தின் விளிம்பைக் கடந்தபோது உயரமானி சட்டென்று வேறு எண் காட்டியது. அது தப்பு என்று மென்பொருளே ஒதுக்கிவிட்டது. நிலத்தைத் தொட்டுவிட்டதாக நினைத்து சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் மிதந்து, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. முக்கிய வடிவமைப்பு மறுஆய்வு (கட்டத் தொடங்கும் முன் வடிவமைப்பை உறுதிசெய்யும் கூட்டம்) முடிந்த பிறகு இறங்கும் இடத்தை மாற்றியிருந்தார்கள், பழைய இடத்தில் அந்தப் பள்ளம் கிடையாது. இன்டியூட்டிவ் மெஷின்ஸின் ஒடிசியஸ் 2024 பிப்ரவரியில் லேசர் தூரமானியின் பாதுகாப்பு சுவிட்ச்சைத் தரையிலேயே விடுவிக்க மறந்த நிலையில் இறங்கிச் சாய்ந்தது. ஃபயர்ஃபிளையின் புளூ கோஸ்ட் 2025 மார்ச் 2 அன்று நிமிர்ந்தே இறங்கியது. இவற்றில் வேலை பார்த்த 30 வயதுக்காரர் பார்த்திருப்பதை, பெரிய திட்டத்தில் இருப்பவர் 45 வயதில்தான் பார்ப்பார்.

இப்போது என் பக்கம். நான் இந்த வழிகளை எடைபோடுவது ஒரே அளவுகோலால்: நீங்கள் எடுத்த முடிவின் விளைவை நீங்களே எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறீர்கள்? மேலாளருக்கு வேண்டிய புத்தி அங்கிருந்துதான் வருகிறது. நாசாவின் செவ்வாய் ஊர்திகள் எல்லாவற்றிலும் வேலை பார்த்த ஜெனிஃபர் டிராஸ்பர் பெர்சிவியரன்ஸுக்குத் திட்ட மேலாளரானது தற்செயல் இல்லை. வடிவமைப்பில் இருந்ததை ஊர்தி ஓடும்போதும் பார்த்தவர் அவர். இந்த அளவுகோலில் துணை அமைப்பு வழி பின்தங்குகிறது, இயக்க வழி பாதி தேறுகிறது. சின்னத் திட்டத்தில், முக்கிய வடிவமைப்பு மறுஆய்வுக்கு முன்பே சிஸ்டம்ஸ் வேலையில் சேர்ந்து, ஏவிய பிறகும் ஓடிவிடாமல் இயக்கக் குழுவிலேயே சில மாதம் இருப்பது முதலிடத்துக்கு வருகிறது. தனியாரா அரசா என்பது அப்புறம்தான். தனியாராக இருந்தால் நேர்காணலில் இரண்டு கேள்வி கேளுங்கள்: மறுஆய்வுக்குப் பிறகு கடைசியாக எதை மாற்றினீர்கள்? நேரம் போதாமல் எந்தச் சோதனையை விட்டீர்கள்? பதில் தயங்கி வந்தாலும் பரவாயில்லை, பதிலே இல்லையென்றால் யோசியுங்கள்.

இதற்கு விலக்கும் உண்டு. பெரிய திட்டத்தில் இருக்கிறீர்கள், இரண்டு ஆண்டில் ஏவப்போகிறார்கள் என்றால் எங்கும் போகாதீர்கள். ஏவும் கட்டத்தைப் பார்க்காமல் வெளியே வருவது, பரீட்சைக்கு முந்தின நாள் பள்ளியை விட்டு நிற்பது மாதிரி. எம்பிஏ படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: படியுங்கள், தப்பில்லை, ஆனால் அதை வைத்து யாரும் விண்கலம் கொடுக்கமாட்டார்கள்.

மேலே சொன்ன மூன்றில் எதற்கும் இப்போது இடமில்லை என்று உங்கள் நிறுவனம் சொன்னால், யாரும் வரிசையில் நிற்காத நான்காவது வாசல் ஒன்று இருக்கிறது. பாகங்களைச் சேர்த்து மாட்டி, வெற்றிட அறையில் வைத்து, குலுக்கி, கட்டளை அனுப்பிப் பார்க்கும் ஒருங்கிணைப்பு-சோதனைக் குழு. துணை அமைப்பு, சிஸ்டம்ஸ், இயக்கம் மூன்றும் முதன்முதலாக நேரில் சந்தித்துச் சண்டை போடும் இடம் அதுதான். வெப்ப-வெற்றிடச் சோதனை நாள் கணக்கில் இரவு பகலாக ஓடும், இரவு ஷிப்ட்டுக்கு எப்போதும் ஆள் குறைவு. அங்கே போய்க் கேளுங்கள். இல்லை என்று சொல்லமாட்டார்கள்.